கடலுக்கு மேல் ஒன்றரை மணி நேரம்

2003 நவம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரைக்கு மட்டாஞ்சேரியிலிருந்து கிளம்பினோம். வாடகை அம்பாசிடர், போக வரக் காத்திருப்பும் சேர்த்து அறுநூற்றைம்பது ரூபாய். நெடும்பாசேரி விமான நிலையம் நாற்பது கிலோமீட்டர். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் என் கணவர் இருபது நாள் விடுப்பில் வருகிறார். மடியில் இருந்த அம்முவுக்குப் பதினான்கு மாதம். அவர் இன்னும் அவளை நேரில் பார்த்ததில்லை.

"வெயில்லயும் தூசியிலயும் பிள்ளைய இழுத்துட்டுப் போகணுமா?" என்று மாமியார் கேட்டிருந்தார். அவர் சொன்னது சரிதானோ என்று தோப்பும்படி வரை யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டில் விட்டிருந்தால் அப்பாவைத் திடீரென்று கண்டு மிரளுவாள். கூட்டிப்போனால் கூட்டத்தைக் கண்டு மிரளுவாள். எப்படியானாலும் அவள் அவரிடம் போவாளா என்பதுதான் ஒரு வாரமாக எனக்கிருந்த கவலை.

பாலம் தாண்டி வில்லிங்டன் தீவில் நுழைந்தால் பழைய விமான நிலையம், இப்போது கடற்படைக்கு மட்டும். நெடும்பாசேரி வரும்வரை எல்லா விமானமும் இங்கேதான் இறங்கும். பம்பாயிலிருந்து சித்தப்பா வரும் நாளில் நாங்கள் கடிகாரம் பார்த்ததில்லை. ஓட்டுக்கு மேலே இரைச்சல் கேட்ட பிறகு செருப்பை மாட்டினால் போதும், அவர் பெட்டியோடு வெளியே வருவதற்குள் வாசலில் நிற்போம்.

"ஏரோப்ளேன் பழைய ஸ்பீடுதான், மோளே. அதுகிட்டப் போற வழிதான் நீண்டுபோச்சு," என்றார் ஓட்டுநர் ஜோசி சேட்டன்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். எனக்கோ முந்தின மாதம் செய்தித்தாளில் வந்த படம் நினைவுக்கு வந்தது. கான்கார்டின் கடைசிப் பயணம். பள்ளியில் எங்கள் வகுப்புச் சுவரில் அந்த விமானம் இருந்தது. வெள்ளை உடல், கீழே வளைந்த மூக்கு, மணிக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வேகம். நீங்கள் வளர்ந்ததும் எல்லோரும் இப்படித்தான் பறப்பீர்கள் என்று டீச்சர் சொன்னார். பெண் பார்க்க வந்தபோது இவரும் அதையே சொன்னார். "கொச்சிக்கும் ஷார்ஜாவுக்கும் நடுவுல முக்கால்வாசி கடல்தான். அந்த வேகத்துல இடி மாதிரி சத்தம் போட்டாலும் மீனுங்கதான் புகார் சொல்லணும். ஒன்றரை மணி நேரம். வெள்ளிக்கிழமை லீவுக்கு வியாழக்கிழமை ராத்திரியே வந்துடலாம், திருப்பூணித்துறையில இருந்து எர்ணாகுளத்துக்கு வேலைக்குப் போறவங்க மாதிரி."

அதை நம்பித்தான் சம்மதித்தேன் என்றால் பொய். கொஞ்சம் நம்பினேன். இப்போது இருந்த ஒன்றையும் நிறுத்திவிட்டார்கள். அடுத்தது எப்போது என்று அந்தச் செய்தியில் ஒரு வரியும் இல்லை. இவர் வரும் விமானம், அன்று சித்தப்பா வந்த விமானத்தைவிட வேகமானதல்ல.

இடப்பள்ளியில் நெரிசல். ஆலுவாவில் சாயா. பத்தரைக்கு வரவேண்டிய விமானம் ஒரு மணி நேரம் தாமதம். கம்பித் தடுப்பின் ஓரமாக நின்றோம். கடைசியில் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். புகைப்படத்தைவிட இளைத்திருந்தார்.

"அம்மு, அப்பா பாரு," என்றேன்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. அப்போது மேலேறிக்கொண்டிருந்த வேறொரு விமானத்தை நோக்கிக் கைநீட்டி, "அப்பா! அப்பா!" என்று கத்தினாள்.

தப்பு எங்களுடையது. கடற்படை விமானங்கள் வீட்டுக்கு மேல் போகும்போதெல்லாம் "அதோ அப்பா" என்று காட்டித்தான் அவளுக்குச் சோறு ஊட்டினோம்.

அவரும் அண்ணாந்து பார்த்தார். "அவ்வளவு உசரத்துலயா இருக்கேன்?" என்று சிரித்துவிட்டுக் கை நீட்டினார். அம்மு அலறி என் தோளில் முகம் புதைத்தாள். பக்கத்தில் நின்ற ஒரு சேச்சி, "கல்ஃப் பிள்ளைங்க எல்லாம் இப்படித்தான்," என்றாள். அவர் கையை எடுத்து டிராலியில் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது முன் இருக்கையில் உட்கார்ந்தார். களமசேரியில் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"எத்தனை நாள்ல பழகுவா, சுதா?"

"பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு வந்தவங்ககிட்டப் போக ரெண்டு வாரம் ஆச்சு."

"அப்போ எனக்கு ஒரு வாரம் மிஞ்சும்."

"அதை நிறுத்திட்டாங்களாமே, பார்த்தீங்களா?" என்றேன். எதை என்று அவர் கேட்கவில்லை.

"பார்த்தேன். அந்த டிக்கெட் நமக்கு எப்பவும் எட்டியிருக்காது. ஆனா அது பறந்துட்டிருந்தா, பின்னாடி நம்ம மாதிரி ஆளுக்குன்னு ஒண்ணு வந்திருக்கும்," என்றார்.

இதை எழுதும்போது, மெதுவான விமானத்திலும் ஏதோ நன்மை உண்டு என்று சொல்லலாமா என யோசித்துப் பார்த்தேன். எனக்கு எதுவும் அகப்படவில்லை. வியாழன்தோறும் வந்திருந்தால் அம்முவுக்கு அவர் முகம் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

பாலாரிவட்டத்தில் அவள் தூங்கிவிட்டாள். வண்டியை ஓரம் கட்டச் சொல்லி அவர் பின்னால் வந்தார். தூங்குகிறவளை மாற்றலாமா, விழித்தால் இன்னும் மோசமாகுமோ என்று தயங்கினேன். பிறகு மெல்ல அவர் மடியில் வைத்தேன். அவள் முனகிவிட்டு, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு உறங்கினாள். அவர் மூச்சைக்கூட அளந்து விட்டார்.

தீவைத் தாண்டியதும் சாலையில் பள்ளங்கள்.

"சேட்டா, கொஞ்சம் மெதுவா," என்றேன்.

"இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி நின்னுடும், மோளே."

"நின்னாலும் பரவாயில்லை," என்றேன்.