வாங்க ஆளில்லாத பங்கு

போன வாரம் மருமகன் ஒரு தாளை நீட்டி, "சும்மா ஒரு கையெழுத்து மாமா" என்றான். சும்மா என்று யார் எதை நீட்டினாலும் நான் நம்புவதில்லை. கண்ணாடியைத் தேடிப் போட்டு இரண்டு தடவை படித்தேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. என்ன செய்ய, பழைய தொழில் கொடுத்த புத்தி.

எண்பதுகளில் மலேசியாவில், கோல சிலாங்கூரில் ஒரு கணக்காய்வாளரிடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தேன். அப்போதெல்லாம் ஆள் இறந்தால் சொத்துக்கு வரி உண்டு. அண்ணன் தம்பி மூவர் நடத்திய லோரி கம்பெனியில் மூத்தவருக்குப் பாதி, தம்பிகளுக்குக் கால் கால். கடைசித் தம்பி இறந்துபோனார். அவருடைய கால் பங்குக்கு விலை போட்டு வரி இலாகாவுக்கு எழுதும் வேலை என் மேசைக்கு வந்தது.

மூத்தவர்தான் தம்பி மனைவி பார்வதியக்காவைக் கூட்டி வந்தார். "கொறச்சுப் போடு தம்பி, வரி கட்ட அவகிட்ட ஏது காசு?" என்றார். நல்ல மனுஷன் என்று நம்பிவிட்டேன். கால் பங்குக்காரரால் கம்பெனியில் எதையும் முடிவு செய்ய முடியாது, வெளியாள் வாங்க மாட்டான், லாபம் பிரித்ததே இல்லை, ஆகவே சொத்துக் கணக்குப்படி வரும் தொகையில் மூன்றில் ஒன்றுதான் மதிப்பு என்று எழுதினேன். அத்தனையும் உண்மை. ஆனால் லாபத்துக்குப் பதிலாக மாதாமாதம் மூன்று வீட்டிலும் அரிசி, சீனி, பால்மாவு எல்லாம் கம்பெனி லோரியிலேயே வந்து இறங்கும். அதுவும் எனக்குத் தெரியும். கணக்கில் இல்லாததை எழுதுவானேன் என்று விட்டுவிட்டேன். என் முதலாளி பாராட்டினார். ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுத் திரிந்தேன்.

வரி குறைந்தது. மறு மாதமே அரிசி நின்றது. அடுத்து மூத்தவர் என் கடிதத்தின் நகலோடு அக்கா வீட்டுக்குப் போய், அதே விலைக்குப் பங்கை எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

அக்கா என்னிடம் வந்தார். கோபப்படவில்லை.

"இதான் நெச வெலைன்னா, மூத்தவரு பங்க நான் இதே வெலைக்கு வாங்கிக்கிறேன். கேட்டுச் சொல்லு லா தம்பி."

முடிவெல்லாம் பெரிய பங்குக்காரர் கையில், அதனால் அதற்குக் கணக்கு வேறு என்று விளக்க வாயெடுத்தேன். எனக்கே அது திருட்டுத்தனமாகப் பட்டது. கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூத்தவர் எங்கள் பெரிய வாடிக்கைக்காரர். பயந்துகொண்டு, முதலாளியைக் கேளுங்கள் என்று நழுவிவிட்டேன். அரிசி நின்ற வீட்டில் எத்தனை நாள் யோசிப்பது? அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, பிள்ளையோடு பத்தாங் காலிப் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்.

அந்த வரியைப் பிறகு அரசாங்கமே எடுத்துவிட்டது. லோரிகள் நின்ற கம்பெனி நிலத்தை மூத்தவர் நல்ல விலைக்கு விற்றார், இப்போது அங்கே கடைவீடுகள். அக்காவைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தே வருஷங்கள் ஓடின. கடைசியில் அவர் சாவுக்குத்தான் போனேன். நீங்கள் அம்மாவுக்கு என்ன வேணும் என்று மகள் கேட்டாள்.

"ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சவன்மா" என்று சொன்னேன். அவள் அப்பாவை நான் பார்த்ததே இல்லை.