பட்டு இருந்த வீடு

தனகோடியின் வீட்டில் பட்டு இருந்தது. ஆகவே அவள் ஏழை இல்லை. 1999 ஆடியில் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனார்கள்.

சேவூரில் ஒற்றை அறை வீடு. பாதியைத் தறி அடைத்துக்கொண்டது. மீதியில் புருஷன் லோகநாதன் பாயில் கிடந்து இருமினான். காசநோய். மாத்திரையைச் சும்மாதான் கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் விழுங்கினால் குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. "சாப்பாடு இல்லாமல் மாத்திரை நிக்காதும்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று ஆரணியில் ஆபீஸ் போட்டிருந்தது. காசநோய் கண்ட ஏழை வீடுகளுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, எண்ணெய். கணக்கெடுக்க வந்த சிவகுமார் வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தான். தறியில் அரக்கு நிறப் புடவை பாதி நெய்தபடி நின்றது. படிவத்தில் டிக் அடித்தான்.

"இன்னாத்துக்குப்பா டிக்கு?"

"வீட்ல பட்டு இருக்குதும்மா."

"அது வேணுகோபால் மொதலாளி பட்டு. நெய்ஞ்சு குடுத்தா கூலி. அவ்ளோதான்."

"இருக்கா இல்லையான்னுதான் கேட்டிருக்காங்க. யாருதுன்னு கேக்கலையே."

"கண்டக்டர் பையிலகூடத்தான் துட்டு இருக்குது. அவரு கோடீஸ்வரரா?"

சிவகுமார் சிரித்தான். டிக்கை அழிக்கவில்லை. அவன் பக்கத்து ஊர்க்காரன். அவன் அப்பாவும் கூலிக்கு நெய்தவர்தான். தெரியாமல் செய்திருந்தால் மன்னிக்கலாம்.

மூன்று முறை ஆபீஸுக்கு நடந்தாள். பட்டு முதலாளியுடையது என்று அவரிடமே எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். வேணுகோபால் கையை உதறினார்.

"கடுதாசி குடுத்தா லேபர் ஆபீசர் என் வாசல்ல வந்து நிப்பான். இந்தப் பேஜாரெல்லாம் எனக்கு வேணாம்மா."

லோகநாதன் மாத்திரையை நிறுத்தினான். மிச்சப் புடவையைத் தனகோடி நெய்து முடித்துக் கொடுத்தாள்.

ஐப்பசியில் கல்யாண மண்டபத்தில் நிறுவனத்தின் ஆண்டு விழா. கடல் தாண்டி வந்த அம்மாளுக்குப் பட்டுப்புடவை போர்த்தினார்கள். அரக்கு நிறம். யாரும் அழைக்காத தனகோடி மேடை ஏறினாள். கிட்டத்தில் பார்த்ததும் தெரிந்துபோயிற்று. பாதிப் புடவைக்கு மேல் நெசவு மாறியிருந்தது. அதுவரை லோகநாதன் படுக்கையில் விழுமுன் அடித்த அடி. அதற்குமேல் அவளுடையது.

"இது என் வீட்ல இருந்தப்ப நான் பணக்காரி. இப்ப உங்க தோள்மேல இருக்குது. இப்பவாவது என்னை ஏழைன்னு எழுதுங்க."

அந்த அம்மாள் சிவகுமாரைப் பார்த்தார். அவன் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். அம்மாள் மலர்ந்து கைகூப்பினார்.

"டேய், தேங்க்ஸ்னா எனக்குத் தெரியும்டா. நான் அதைச் சொல்லல. சொன்னதைச் சொல்லு."

சிவகுமார் தலையைக் குனிந்துகொண்டு இந்த முறை முழுசாகச் சொன்னான். அம்மாளின் முகம் வெளுத்தது. புடவையை எடுத்துத் தனகோடியிடமே நீட்டினார்.

"எனக்கு எதுக்கு? பட்டு இருக்குதுன்னு மறுபடியும் டிக் அடிக்கவா?"

இறங்கி நடந்தாள்.

புதுப் படிவம் அச்சாகி வந்தது. 'பட்டு யாருடையது?' என்று அதில் ஒரு கட்டம். ஒற்றை வரியைச் சேர்க்க ஏழு வாரம் ஆயிற்று. சிவகுமார் மொபெட்டில் மூட்டையோடு வந்து இறங்கினான். இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். பாய் சுருட்டி வைத்திருந்தது.

"அண்ணன் கையெழுத்து வேணும்க்கா. எங்க அவரு?"

தனகோடி தறியிலிருந்து எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அது.

"இருக்கா இல்லையான்னுதானே கேப்பீங்க? இல்ல. எழுதிக்கோ."

நோயாளி இல்லாத வீட்டுக்கு மூட்டை கிடையாது. விதி அப்படி. சிவகுமார் அதைத் திரும்ப மொபெட்டில் ஏற்றிக் கட்டினான்.