மருந்து போட்ட குழல்

2024 ஜூலை 10, புதன்கிழமை, காலை பத்தேகால். ஜோகுபாளையத்தில் உள்ள பழம்பொருள் சீரமைப்புப் பட்டறையில் என் முதல் துப்பாக்கி மேசைக்கு வந்தது. முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டே அங்கே பகுதிநேரமாகப் பதிவேடு எழுதினேன், துடைக்கவும் உதவினேன். வாய்வழியே குண்டு கெட்டிக்கும் பழைய ரகம் அது.

விசையில் கட்டியிருந்த அட்டையில் கன்னடக் கையெழுத்து: 'மத்து ஹாக்கிதே.' மருந்து போட்டிருக்கிறது என்று பொருள். எங்கள் பட்டறையில் துருவுக்கும் பூச்சிக்கும் தடவுவதெல்லாம் மருந்துதான். 'துருத்தடுப்பு மருந்து இடப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதினேன்.

குழலை வெந்நீரால் கழுவுவதற்கு முன், பித்தளைக் கம்பியின் நுனியில் துணி சுற்றி உள்ளே ஒருமுறை துடைக்க வேண்டும். மரப்பிடியிலிருந்து கழற்றிய குழலுக்குள், பட்டறையில் துடைக்கும் வேலை பார்க்கும் செல்வம் அண்ணன் கம்பியை விட்டார். அடிவரை போகவில்லை.

"கீழ துரு கட்டியா பிடிச்சிருக்கு. பீன்யா ஃபாக்டரில இருபது வருஷம் பைப்போட மல்லுக்கட்டினவன் நான். கேஸ் டார்ச் ரெண்டு நிமிஷம் காட்டினா கழண்டுக்கும்."

"எவ்வளவு ஆழத்துல நிக்குதுன்னு எழுதிக்கிறேண்ணா. கொஞ்சம் இருங்க."

"எழுதும்மா, எழுது. துருவுக்கும் ஜாதகம் எழுதுவே நீ."

கம்பி குழல்வாயைத் தொட்ட இடத்தில் கோடிட்டு உருவினேன். குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்த்தபோது, நெருப்பு நுழையும் சிறு துளைக்கு நான்கு விரற்கடை முன்பாகவே நுனி நின்றது. துரு அப்படி ஒரே இடத்தில் திரளாது. அதற்குள் அவர் டார்ச்சைப் பற்றவைத்துவிட்டார். இடக்கை குழல்வாயில் இருந்தது.

மத்து என்ற சொல்லுக்குக் கன்னடத்தில் இன்னொரு பொருளும் உண்டு. மருந்துக்குத் தமிழிலும் அதே பொருள் உண்டு. வெடிமருந்து.

"அண்ணா, அணைங்க! உள்ள லோடு இருக்கு!"

அணைத்தார். குழல்வாயிலிருந்து எடுத்த இடக்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னிக்கு வீட்ல மீன் கொழம்பு வேற," என்றார்.

உரிமையாளர் கீதா மேடம் பதிவேட்டைப் புரட்டினார். "துருத்தடுப்பா? யார்ரீ எழுதினது?"

"நான்தான், மேடம்."

"அட்டையில அப்படியா இருக்கு?"

"இல்ல. துருங்கற வார்த்தை அதுல இல்ல. நானா சேர்த்தேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மாலையில் உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக் வந்தார். துளைவழியே நீர்விட்டு ஊறவைத்து, திருகுமுனைக் கம்பியால் ஈயக்குண்டையும் அடைத்திருந்த துணியையும் கரிய குழம்பாகிப்போன வெடிமருந்தையும் வெளியே எடுத்தார்.

இத்தொழிலுக்கு வருகிறவர்கள் அட்டையில் உள்ளதை உள்ளபடியே எழுதுங்கள். பொருள் சொல்வதற்கு முன் குழலை அளந்துவிடுங்கள். எனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் நான் தவறினேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அடுத்த துப்பாக்கி வந்தது. செல்வம் அண்ணனை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் நின்று, துணி சுற்றாத கம்பியை நானே மெல்ல உள்ளே விட்டேன். அடியில் இரும்பைத் தொட்டுக் கணீரென்றது. ஆனாலும் அளந்தேன்.