ஊசிக்கு விரதம்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் டாக்டர் குணபூசணியின் கிளினிக் இருந்தது. அதன் கதவில் நான்கு மொழிகளில் கையால் எழுதிய ஒரு பலகை தொங்கும்: 'ஊசிக்கு வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு வரவும்.' புதிதாகப் படியேறி வருகிறவர்கள் இது கிளினிக்கா சாப்பாட்டுக் கடையா என்று தங்களுக்குள் கேட்டுக்கொள்வார்கள். அந்தப் பலகை அங்கே வந்ததற்குக் காரணம் கிள்ளானைச் சேர்ந்த லோரி ஓட்டுநர் தம்புசாமி.

எண்பத்து நான்காம் ஆண்டு, தீபாவளிக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. துறைமுகத்திலிருந்து ரவாங்குக்குச் சிமெண்டு ஏற்றிப் போகும் தம்புசாமிக்கு இடது தோள் இறுகிப் போயிருந்தது. சட்டை போடவே மனைவி மாரியாயி கூட நிற்க வேண்டும். கியர் போடுவது இடது கை. ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொள்வார். ஆனால் அவரை அரித்தது லோரி அல்ல, தைப்பூசம். மகள் சீதாலெட்சுமி பிறந்தபோது மூச்சுத் திணறி, பிழைப்பாளா என்றே தெரியாமல் கிடந்தாள். ஆஸ்பத்திரி நடையில் நின்று மூன்று வருடக் காவடி நேர்ந்துகொண்டார். இரண்டு முடிந்துவிட்டது. மூன்றாவதற்குத் தோள் இல்லை.

மாரியாயிதான், தான் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில் விசாரித்துக்கொண்டு வந்தாள். "பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு லேடி டாக்டராம். பெரிய படிப்பு. ஆனா சீனன் மாதிரி ஊசி குத்துறாங்களாம்."

"அப்ப சீன வைத்தியன் சின்சேகிட்டயே போகலாமே. நம்ம தெருக்கோடியில இருக்கானே."

"சின்சே உங்ககூடத் தமிழ்ல பேசுவானா? கெளம்புங்க."

டாக்டர் குணபூசணிக்கு ஐம்பது வயது இருக்கும். நூல் புடவை, மூக்கின் நுனியில் கண்ணாடி, யாழ்ப்பாணப் பேச்சு. தம்புசாமியின் கையை முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று தூக்கிப் பார்த்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்தபோது, வரிசையாக இருந்த வெளிறிய புள்ளிகளில் அவர் விரல் நின்றது.

"இது என்ன?"

"காவடிக் கொக்கி குத்தின எடம் டாக்டர்." பிறகு நேர்த்திக்கடனைப் பற்றியும் சொன்னார். "மூணாவது வருஷம் பாக்கி. கை தூக்க முடியலேன்னா காவடி எப்படி எடுக்கிறது?"

டாக்டர் தைப்பூசத்துக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று விரல் விட்டுப் பார்த்தார். "ஊசி நோவைக் குறைக்கும். அவ்வளவுதான் அது செய்யும். கையை மேலே கொண்டுபோறது நீங்கள்தான். சனிக்கிழமை காலமை வாங்கோ, தொடங்குவம்."

தம்புசாமி வீட்டுக்கு வந்ததும் மாரியாயியிடம், இனி சனிக்கிழமை வரைக்கும் வீட்டில் மீன் வேண்டாம் என்றார். இரவில் பாயில் படுத்தார். வெள்ளிக்கிழமை ஒரு வேளைதான் சாப்பிட்டார். சனிக்கிழமை விடியற்காலையில் தலைக்குக் குளித்து, விபூதி பூசி, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

"டாக்டரா இப்படிச் சொன்னாங்க?"

"இதெல்லாம் சொல்லணுமா? உடம்புல ஊசி ஏறப் போகுதுலா. சுத்தமா இருக்க வேணாமா?"

மாரியாயிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. உடம்பில் இரும்பு ஏறுவதென்றால் அதற்கு ஒரு முறை உண்டு. அந்த முறைப்படி நடந்தால் வலிக்காது, ரத்தம் வராது. இரண்டு வருடமும் அவள் கண்ணால் பார்த்தது அது.

நாற்காலியில் உட்கார வைத்துத் தோளில் சில ஊசிகளும் கணுக்காலுக்கு மேலே ஒன்றும் போட்டார் டாக்டர். முடி போல மெல்லிய ஊசிகள். கொக்கியைப் பார்த்தவருக்கு இதெல்லாம் விளையாட்டு என்று தம்புசாமி நினைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கை வியர்த்தது. தெருவில் போன பஸ்ஸின் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. சுவரில் இருந்த காலண்டர் மெல்லச் சாய்ந்தது.

கண் விழித்தபோது கட்டிலில் கிடந்தார். ஊசிகள் எடுக்கப்பட்டிருந்தன. கால்களுக்கடியில் இரண்டு தலையணை. நர்ஸ் புஷ்பவல்லி கையில் சீனி போட்ட மைலோவோடு நின்றாள். டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா எப்ப சாப்பிட்டனீங்கள்?"

"நேத்து மத்தியானம் டாக்டர்."

"ஏன்?"

தம்புசாமி விரதத்தைச் சொன்னார். புஷ்பவல்லி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். டாக்டர் சிரிக்கவில்லை. "ஆர் உங்களை விரதம் இருக்கச் சொன்னது?" என்று கேட்க வாயெடுத்தவர், முதுகுத் தழும்புகள் ஞாபகம் வந்ததோ என்னவோ, பாதியில் நிறுத்திவிட்டார்.

"பிழை என்னுடையது. முதுகைப் பார்த்த அன்றைக்கே நான் இதை யோசிச்சிருக்க வேணும். பசியோட இருக்கிற ஆளுக்கு ஊசி போட்டால் மயக்கம் வரும். வயிறு நிறையவும் வேண்டாம். அளவாச் சாப்பிட்டுட்டு வரவேணும்."

தப்பு என்னுடையது என்று ஒரு டாக்டர் சொல்லி அதுவரை தம்புசாமி கேட்டதில்லை. பிற்பாடு லோரிக்காரர்களிடம் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் மயங்கி விழுந்ததை வேகமாகத் தாண்டிவிட்டு, இந்த இடத்தில்தான் நிறுத்திச் சொல்வார்.

டாக்டர் அடுத்த அறைக்குப் போனதும் புஷ்பவல்லி கட்டிலருகே வந்தாள். அவளுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். டாக்டரின் அப்பா ரயில்வேயில் பெரிய கிளார்க்காம். அண்ணன் வக்கீலாம். டாக்டர் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில், மாத்திரைக்கு வலி அடங்காதவர்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்பதைப் பார்த்து மனசு கேட்காமல் கொழும்புக்குப் போய் இந்த ஊசியைப் படித்தாராம். "சின்சே வேலைக்கா உன்னை டாக்டருக்குப் படிப்பிச்சது" என்று அண்ணன் கத்தினாராம்.

"இப்ப பேசுறாரா?"

"பேசறதென்ன, முழங்காலுக்கு ஊசி போட வாரா வாரம் வராரு. நம்ம ஆளுங்க பாத்துருவாங்கன்னு பின்படி வழியா ஏறுவாரு."

டாக்டர் திரும்பி வந்து, அடுத்த வாரம் ஒரு நாள் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார். தம்புசாமி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டர், இப்பதானே வெறும் வயித்துல வந்ததுக்கு..."

"அது ஊசி போட. இது ரத்தம் எடுக்க. தோள் இப்பிடி இறுகினவைக்குச் சில வேளை சீனி வியாதியும் இருக்கும். பார்த்துவிடுவம்."

இருந்தது. முடிவு கேட்க அதற்கடுத்த வாரம் படியேறியபோது கதவில் அந்தப் பலகை தொங்கியது. தம்புசாமி அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தேநீர்?" என்று டாக்டர் கேட்டார்.

"அது... லோரி எங்கெங்க நிக்குதோ அங்கெல்லாம் ஒண்ணு."

"கெட்டிப்பால் போட்டா?"

"அது இல்லாம என்ன டீ டாக்டர்?"

அன்றோடு அது போயிற்று. கடைக்காரன் அவர் தலையைக் கண்டதும் 'தே ஓ கோசோங்' என்று கத்தும் அளவுக்கு, பாலும் சீனியும் இல்லாத வெறும் சாயம்தான். "கை வலிக்குதுன்னு போனேன், டீயைப் பிடுங்கிட்டாங்க" என்று துறைமுகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனாலும் பால் டீ குடிக்கவில்லை. இரவுச் சோற்றைக் குறைத்தார். மாத்திரையை மறக்கவில்லை. சாமான் இறக்கும் நேரத்தில் சீட்டிலேயே தூங்காமல் லோரியைச் சுற்றி நடந்தார். காலையும் மாலையும் குசினிச் சுவரில் விரல்களால் நடந்து நடந்து கையை மேலே ஏற்றினார். வலி சுருக்கென்று பிடிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும், அதுதான் டாக்டரின் கட்டளை. விரல் எட்டிய இடத்தில் மாரியாயி பென்சிலால் கோடு போட்டாள். மார்கழி பிறக்கும்போது கோடுகள் அவர் தலைக்கு மேலே போயிருந்தன.

அப்போதுதான் கேட்டார். "இந்த வருஷம் காவடி எடுக்கலாமா டாக்டர்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "கை போகும். ஆனால் கொக்கிக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டன். சீனி இருக்கிற உடம்பில புண் ஆறாது."

"நேர்த்தி டாக்டர்."

மகள் மூச்சு விடுவதே அதனால்தான் என்று நம்புகிறவரிடம் வேறு யாராவது இருந்தால் மூடநம்பிக்கை என்று ஆரம்பித்திருப்பார்கள். டாக்டர் வேறொன்று கேட்டார்.

"உங்களுக்குக் கொக்கி குத்துறவர் ஆர்?"

"இராமலிங்கண்ணே. கிள்ளான்ல லோரி பட்டறை வச்சிருக்காரு."

"ஞாயிற்றுக்கிழமை நான் அவரோட கதைக்கலாமா?"

ஞாயிற்றுக்கிழமை தம்புசாமியும் மாரியாயியும் பட்டறைக்கு வந்தபோது இராமலிங்கம் சண்டைக்குத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தார். படித்தவர்கள் எதற்கு வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். பழைய டட்சனை நிறுத்திவிட்டு வந்த டாக்டரோ, கிரீஸ் படிந்த பெஞ்சில் உட்கார்ந்து, கொக்கிகளை எப்படிச் சுத்தம் செய்கிறார், குத்தும் இடத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இராமலிங்கத்தின் குரல் மெல்ல இறங்கியது. கொக்கி வைத்திருந்த டப்பாவை எடுத்துவந்து காட்டினார். டாக்டர் கைப்பையிலிருந்து தன் ஊசியைக் காட்டினார். இராமலிங்கம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது இருக்கிறதே தெரியலியேம்மா" என்றார்.

பிறகுதான் டாக்டர் சீனி வியாதியைச் சொன்னார். இராமலிங்கம் தம்புசாமி பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, இதை எங்கிட்ட சொன்னியா?"

"இல்லண்ணே..."

"அப்படிப்பட்ட உடம்புல நான் எப்படிடா குத்துவேன்? புண் ஆறலேன்னா யார் பதில் சொல்றது? நான் தொட மாட்டேன், போ."

"அப்ப என் நேர்த்தி?"

"என்னன்னு நேர்ந்தே? சரியாச் சொல்லு."

தம்புசாமி யோசித்தார். ஆஸ்பத்திரி நடை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தை. 'மூணு வருஷம் காவடி எடுக்கிறேன் முருகா.' அவ்வளவுதான் சொன்னார். கொக்கி பிறகு வந்தது. பட்டறையில் நண்பர்கள் உசுப்பிவிட்டு வந்தது.

"காவடின்னுதான் சொன்னேன்."

"பின்னே என்ன? பால் காவடி எடு. லேசா நானே கட்டித் தரேன்."

டாக்டர் எழுந்தார். "விரதம் இருங்கோ. ஆனால் பட்டினி வேண்டாம். மரக்கறிச் சாப்பாடு, நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா. மாத்திரை வழக்கம்போல. மலை ஏறுற அன்றைக்குத் தண்ணி குடிக்க வேணும்." காரை நோக்கி நடந்தவர் திரும்பினார். "உங்களுக்கு முழங்கால் நோகுதா? நடையில தெரியுது."

இராமலிங்கம் அவசரமாகப் பின்வாங்கினார். "சேச்சே, வயசும்மா. எனக்கு ஊசின்னா கொஞ்சம் பயம்."

மாரியாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பத்துமலையில் அந்த வருடம் தெரிந்தவர்கள் சிலர் கேலி செய்தார்கள். "என்ன பாஸ், பொம்பளைங்க காவடி?" தம்புசாமி காவடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த படியில் கால் வைத்தார். மாரியாயி தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்திலேயே ஏறினாள். சீதாலெட்சுமி அவள் இடுப்பில் இருந்தாள். படியெல்லாம் ஏறுவது பெரிதாகத் தெரியவில்லை. உள்ளே, சந்நிதியில் பாலைக் கொடுக்கக் காவடியைத் தலைக்கு மேலே தூக்கி இறக்க வேண்டும். அங்கேதான் அவருக்குப் பயம். கூட்டம் நெருக்கியது. தம்புசாமி மூச்சை இழுத்துக்கொண்டு இரண்டு கையாலும் தூக்கினார். குசினிச் சுவரின் கடைசிக் கோடு எங்கே இருந்ததோ அந்த உயரம். தோள் ஒருமுறை முனகியது. காவடி தலையைத் தாண்டிக் கீழே இறங்கியது. மாரியாயி அழுதாள். குழந்தை அவள் முகத்தை ஆச்சரியமாகப் பார்த்தது.

அடுத்த வாரம் பிரசாதத்தோடு கிளினிக்குக்குப் போனார். பலகையைத் தாண்டி உள்ளே நுழைந்தால், மூலை நாற்காலியில் இராமலிங்கம். மடியில் வாழையிலைப் பொட்டலம் பிரித்து, இட்லியை வேகவேகமாக விழுங்கிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது?"

"வெளியில போர்டு போட்டிருக்குலா, சாப்பிட்டுட்டு வரணும்னு. நீ விழுந்த கதை தெரியாதா எனக்கு?" இலையைச் சுருட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "டேய், வலிக்குமாடா?"

புஷ்பவல்லி அவர் பெயரைக் கூப்பிட்டாள். இராமலிங்கம் தம்புசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இடது கை. அது அவர் பாரத்தைத் தாங்கியது.