மறுபக்கமும் எழுது என்றேன்

ஒரு பெண்ணின் ஆசையை அவள் கையாலேயே அழிக்க வைத்தவள் நான். அடித்தோ மிரட்டியோ அல்ல... கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்து.

நீங்கள் நம்பாமல் போகலாம். என்னை அறிந்தவர் எவரும் நம்பமாட்டார். திருச்செங்கோட்டுப் பக்கம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் சில குடும்பங்களுக்கு நான்தான் தமிழ் டீச்சர். பிள்ளைகளைச் சுதந்திரமாக எழுத விடுகிறவர் என்று என்னைச் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் தலைகுனிகிறேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அவள் பெயர் யாழினி. நான் முதலில் பார்த்தபோது பன்னிரண்டு வயது. நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் படித்தவள். அங்கே மெல்ல மெல்லச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். ஒருநாள் காலை, பிரார்த்தனை வரிசையில் மயங்கி விழுந்தாள். அழைத்துவரப் போன அப்பா செந்தில், மகளைத் தூக்கியதும் அப்படியே நின்றுவிட்டாராம். அந்த வயதுப் பெண்ணுக்கு இருக்க வேண்டிய கனம் இல்லை.

"இனி எம்புள்ள எந்தப் பள்ளிக்கூடத்துப் படியும் மிதிக்க மாட்டா" என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்தவர் அவர். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கெட்ட மனிதர் அல்லர். அந்தப் பள்ளியில் மகளைச் சேர்த்தது தானே என்பதை அவரால் ஒருநாளும் மறக்க முடியவில்லை... அவ்வளவுதான்.

நானும் அப்படியொரு பள்ளியிலிருந்து தப்பி வந்தவள்தான். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று ஒரே கட்டுரையை வகுப்பு முழுவதையும் மனப்பாடம் செய்யவைத்து வந்தேன். வேலையை விட்டு வெளியே நின்றபோது, செந்தில்தான் கூப்பிட்டார். வகுப்பு அவர் வீட்டுக் கூடத்தில் நடந்தது. செவ்வாய்தோறும் மற்றக் குடும்பத்துப் பிள்ளைகளும் காரில் வந்து இறங்குவார்கள். பெற்றோர்கள் எனக்கு நாற்காலி போட்டு, நான் சொல்வதைக் கேட்டார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக நான் ஒரு ஆளாக இருந்தேன்!

மற்ற நாட்களில் அந்த வீட்டில் யாழினியும் அவள் அம்மா கவிதாவும் மட்டும். சுற்றிலும் மரவள்ளிக்காடு. செந்தில் ரிக் வண்டியோடு வடக்கே போர்வெல் போடப் போனால், திரும்பி வர மாதங்கள் ஆகும். அதுவரை கேட் பூட்டியே கிடக்கும்.

"பார்த்ததை எழுதுங்கள், தோன்றியதை எழுதுங்கள்" என்பதுதான் என் முதல் பாடம். யாழினி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

ஓராண்டு கழிந்தது. மகளைப் பக்கத்து ஊர் அரசுப் பள்ளிக்கு அனுப்பலாம் என்றார் கவிதா. செந்தில் மறுத்தார். பேச்சு வளர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத அளவுக்குப் போனது. கடைசியில் செந்தில் என்னிடம் வந்தார்.

"நாங்க பேசுனா சண்டைல முடியுதுங்க டீச்சர். புள்ளையே எழுதட்டும். நீங்க தலைப்புக் குடுங்க. அவ என்ன எழுதறாளோ அதுக்கு நான் கட்டுப்படறேன்."

'நான் எங்கே படிக்க விரும்புகிறேன்' என்று தலைப்புக் கொடுத்தேன்.

ஒரே மூச்சில் எழுதி நீட்டினாள். தினமும் காலையில் மொட்டைமாடியில் நின்று, சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பெண்களைப் பார்க்கிறாளாம். பெயர் தெரியாததால் தானே பெயர் வைத்திருக்கிறாளாம். ஒருத்தி ரிப்பனைக் கட்டாமல் வாயில் கடித்துக்கொண்டே ஓட்டுவாளாம். 'அந்தப் பள்ளி விடுதி இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். எனக்குச் சண்டை போட ஒரு ஆள் வேண்டும். சமாதானம் ஆக ஒரு ஆள் வேண்டும். நான் பள்ளிக்குப் போக வேண்டும்.' அத்துடன் முடிந்தது.

நான் பாடம் சொன்ன காலத்தில் அதைவிட நல்ல கட்டுரையை வாசித்ததில்லை.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பயம்! இவள் போனால் இந்தக் கூடத்தில் வகுப்பு ஏது? மற்றவர்கள் எங்கே வருவார்கள்? மறுபடியும் அந்த மணியோசைக்கு, மனப்பாடத்துக்குத்தான் நான் திரும்ப வேண்டும்...

"நல்லா இருக்கு. ஆனா ஒரு பக்கம்தான் இருக்கு. மறுபக்கமும் எழுது" என்றேன்.

விடுதியில் பட்டதையெல்லாம் எழுதிவந்தாள். அதைக் கட்டுரையின் நடுவே வைக்கச் சொன்னேன். பெயர் தெரியாத பெண்களைப் பற்றி இத்தனை வரிகள் எதற்கு என்று கேட்டேன். ஆசையைச் சொன்னால் போதாது, காரணங்களை நிறுத்துப் பார்க்க வேண்டும் என்றேன். முடிவுரையில் அவசரம் தெரிகிறது என்றேன்.

யோசித்துப் பாருங்கள். இவற்றில் எது தவறான பாடம்? எந்த நல்ல ஆசிரியரும் சொல்லக்கூடியவைதான். அதுதான் என்னை இன்றுவரை வதைக்கிறது.

எழுதி எழுதி, ரிப்பன் போனது. சண்டை போனது. சமாதானமும் போனது. 'எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்க்கையில், வீடே எனக்கு ஏற்ற பள்ளி' என்று கட்டுரை முடிந்தது.

தாளைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து, "இப்ப சரிங்களா டீச்சர்?" என்றாள்.

"இப்பத்தான் முழுசா இருக்கு" என்றேன்.

செந்தில் அதை எல்லோர் முன்னிலையிலும் சத்தமாக வாசித்தார். கடைசி வரியில் குரல் உடைந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் கிளம்பும்போது கவிதா வாசல்வரை வந்தார்.

"ஏனுங்க டீச்சர், இது அவளா எழுதுனதுங்களா?"

"ஆமாங்க. ஒரு வரிகூட நான் எழுதலைங்க."

அது உண்மை. அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை.

இப்போது யாழினிக்குப் பதினைந்து. பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதப்போகிறாள். மொட்டைமாடிக்குப் போவதில்லை. எதைக் கேட்டாலும் இரண்டு பக்கமும் சொல்கிறாள். தீபாவளிக்கு எந்த நிறத்தில் சுடிதார் வேண்டும் என்று செந்தில் கேட்டபோது, பச்சைக்கும் நீலத்துக்கும் உள்ள நிறைகுறைகளைச் சொல்லி முடித்தாள். எது வேண்டும் என்று சொல்லவில்லை. வீட்டார் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அதற்குமேல் தாங்கவில்லை. போன மாதம் ஒரு செவ்வாயன்று மற்றப் பிள்ளைகள் போனபின், அவளை மட்டும் இருக்கச் சொன்னேன்.

"யாழினி... அன்னைக்கு நீ முதல்ல எழுதினதுதான் நல்ல கட்டுரை. உங்க அம்மாகிட்ட இன்னைக்குச் சொல்லிடப் போறேன்."

அவள் திடுக்கிடவில்லை. பேனாவை மூடிவைத்தாள்.

"எனக்கு அப்பவே தெரியுங்க டீச்சர். நான் பள்ளிக்கூடம் போயிட்டா உங்களுக்கு இங்க வேல இல்லைன்னு உங்க மூஞ்சியிலயே தெரிஞ்சுது. பாவமா இருந்துச்சுங்க."

கேட் பூட்டிய வீட்டில் இருந்த குழந்தை, வெளியிலிருந்து வந்த என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறாள்... தனக்கு வேண்டியதை எடுத்து எனக்குக் கொடுத்திருக்கிறாள். நான் வாங்கிக்கொண்டேன்!

"அம்மாகிட்டச் சொல்லிராதீங்க டீச்சர்" என்றாள். "நான் பொய் எழுதி அப்பாவ அழ வெச்சேன்னு ஆயிருமுங்க."

என் குற்றத்தைச் சொன்னால் அது அவள் குற்றமாகிவிடும். சொல்லாவிட்டால் இருவரும் இதற்குள்ளேயே கிடப்போம். இதற்கு வழி உங்களுக்குத் தெரியுமா? நான் தேடாத இரவில்லை.

அந்த வேளையில் கவிதா டீ கொண்டுவந்தார். பின்னாலேயே, வடக்கேயிருந்து வந்திருந்த செந்திலும் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், பதினொண்ணாவதும் ஊட்லயே படிக்கட்டும்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள். யாழினி மிக லேசாகத் தலையை அசைத்தாள். வீட்டிலேயே படிக்க வேண்டாம் என்றா, உண்மையைச் சொல்லாதே என்றா... இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"உங்க இஷ்டங்க" என்றேன்.

செந்திலுக்கு மகிழ்ச்சி. குமாரபாளையத்தில் தெரிந்தவர் ஒருவர், யாழினியின் கட்டுரையைப் படித்துவிட்டுத் தம் மகளையும் பள்ளியிலிருந்து நிறுத்தப் போகிறாராம். எட்டு வயது.

"கெட்டிக்காரப் புள்ளையாமாங்க. என்ன, புடிச்சா புடிச்ச புடிதானாமா. வேணுங்கறது கெடைக்கற வரைக்கும் உட மாட்டாளாம். நீங்கதான் கொஞ்சம் பக்குவப்படுத்தோணும்னு சொல்றாருங்க."

டீ ஆறிக்கொண்டிருந்தது.

"சரிங்க. கூட்டிட்டு வரச் சொல்லுங்க" என்றேன்.