வலது கூடையில் மாந்துளிர்

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மாமரம் இருந்தது. அது காய்க்கிற வருஷமும் உண்டு, காய்க்காத வருஷமும் உண்டு. ஆனால் பங்குனி பிறந்தால் துளிர்க்காமல் இருந்ததில்லை. புதுச் செம்புச் சொம்பின் நிறத்தில் இளம் இலைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். எனக்கு அப்போது பத்து வயது. வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு மரத்தடியில் நின்றுகொண்டு அப்பாவைக் கூப்பிடுவேன். அவரும் வேலையை விட்டுவிட்டு வருவார். அண்ணாந்து பார்ப்பார்.

"எங்கம்மா?"

கையை நீட்டிக் காட்டுவேன். "ஓ, ஆமாம், ஜோரா இருக்குது" என்பார். அவர் பார்வை வேறு கிளையில் இருக்கும். மாந்துளிர் நிறத்தில் வருஷத்துக்கு நாலு சேலை நெய்கிற மனுஷருக்கு, தலைக்கு மேலே தொங்குகிற மாந்துளிர் தெரியவில்லை. என்னைச் சீண்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு கோபித்துக்கொள்வேன். அப்பாவுக்குப் பங்குனி மூக்கு வழியாகத்தான் வரும். தெருமுனைப் புங்கமரம் பூத்திருப்பதை எனக்கு முன்னால் கண்டுபிடித்துச் சொல்வார். வேப்பம்பூ வாசம் அடித்தால் நாடாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரு நிமிஷம் உட்கார்ந்திருப்பார். நாடா என்றால் தறியில் குறுக்கு இழையைக் கொண்டுபோகிற ஓடம்.

கடைசி வரை மறைத்து வைத்துச் சொல்லுகிற சாமர்த்தியம் எனக்கு இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. அரக்கு, மாந்துளிர், இலைப்பச்சை எல்லாம் அவர் கண்ணுக்கு ஒரே பழுப்பின் அண்ணன் தம்பிகள். இது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவருக்கு நிறம் தெரியாது என்று வெளியே தெரிந்தால் எந்தக் கடைக்காரர் அவரை நம்பிப் பட்டு கொடுப்பார்? தறியைப் பிரித்துப் பரணில் போட வேண்டியதுதான். நான் இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குப் பதினேழு வயது. சாயம் தோய்த்து நிறம் சேர்ப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டிருக்கிற இன்றும், அந்தப் பத்து வயதுக்காரியை நினைத்தால் தலையில் ஒரு குட்டு வைக்கத் தோன்றுகிறது.

ரகசியத்தைக் காப்பாற்றியது இரண்டு பிரம்புக் கூடைகள். குறுக்கே ஓடும் இழையைச் சின்னக் குச்சியில் சுற்றி நாடாவுக்குள் வைப்பார்கள். அந்தக் குச்சிக்குத் தார் என்று பெயர். சேலையின் உடல் நிறத்துத் தார்களை வலது கூடையிலும், கோடு போடுகிற நிறத்துத் தார்களை இடது கூடையிலும் அம்மா வைத்துவிடுவாள். அப்பா பார்க்கவே வேண்டாம், கையை நீட்டினால் போதும்.

அந்த வருஷம் என் தம்பி பிறக்க வேண்டியிருந்ததால், வேண்டிய தார்களைச் சுற்றி இரண்டு கூடைகளிலும் நிரப்பி வைத்துவிட்டு, அம்மா கூரத்தில் இருக்கிற தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் ஏறுவதற்கு முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "காலைல அப்பா கலர் கேப்பாரு. ஒழுங்கா பதில் சொல்லணும். அதுல மட்டும் வெளையாடக் கூடாது, புரிஞ்சுதா?" என்றாள். புரியவில்லை. மற்றதிலெல்லாம் விளையாடலாம் என்று மட்டும் புரிந்தது.

மறுநாளிலிருந்து அப்பா தினமும் கேட்டார். "வலது கூடையில இன்னா கலர் சொல்லு பாக்கலாம்?" நான் மாந்துளிர் என்பேன். "இடது?" இலைப்பச்சை. "கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டுத் தறியில் உட்காருவார். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறவளிடம் இவ்வளவு சுலபமான கேள்வி கேட்கிறாரே, என்னை மக்கு என்று நினைக்கிறாரா என்று எனக்கு ஒரே குழப்பம். தறியில் இருந்தது ஒரு கல்யாணப் பெண்ணின் முகூர்த்தச் சேலை. கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது.

அப்போதுதான் ஏப்ரல் முதல் தேதி வந்து சேர்ந்தது. எங்கள் பள்ளியில் அன்றைக்கு உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, எழுத்துச் செதுக்கி, மையில் தோய்த்து முதுகில் முத்திரை குத்துவார்கள். அம்மா இல்லாத வீட்டில் உருளைக்கிழங்குக்கு எங்கே போவது? கையில் இருந்ததை வைத்து ஆரம்பித்தேன். அப்பா முகம் கழுவப் போனபோது கூடைகளை இடம் மாற்றி வைத்தேன்.

"வலது கூடையில இன்னா கலர்?"

"மாந்துளிர்."

"இடது?"

"இலைப்பச்சை."

அவர் கூடையைப் பார்த்துவிட்டு, "ஏய், ஏமாத்துறியா!" என்று காதைப் பிடிப்பார், நான் "ஏப்ரல் ஃபூல்!" என்று கத்துவேன் என்பது திட்டம். அவர் கூடையைப் பார்த்தார். "கெட்டிக்காரி" என்றார். பச்சைத் தாரை எடுத்து நாடாவுக்குள் போட்டார். என் தந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டு, வேண்டுமென்றே கண்டுகொள்ளாமல் இருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டேன்.

பரீட்சை நாளானதால் மத்தியானமே வீடு திரும்பினேன். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. கடை சார்பில் வீடு வீடாகத் தறி பார்க்க வருகிறவருடையது. உள்ளே அவர் எங்கள் தறியின் மேல் குனிந்திருந்தார். பக்கத்தில் அப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்று காலையில் நீளவாக்கில் ஓடுகிற பாவு இழைகள் சில அறுந்து, அவற்றை முடிச்சுப் போடுவதிலேயே பாதி நேரம் போயிருந்ததால் நாலு விரல் அகலம்தான் நெய்திருந்தார். அந்த நாலு விரலும் பச்சை. மாந்துளிர்ச் சேலையில் சேறு பூசிய மாதிரி இருந்தது.

"இன்னாப்பா இது, நடுவுல பச்சை ஓடிக்கினு இருக்குது?"

அப்பா குனிந்து பார்த்தார். பிறகு விரலால் தடவிப் பார்த்தார். நிறத்தை யாராவது தடவிப் பார்ப்பார்களா? அவர் முகம் வெளுத்துப்போனது எனக்குத் தெரிந்தது. அது எனக்குப் பயமாக இருந்தது.

"நான்தான் கூடைய மாத்தி வெச்சேன்" என்றேன்.

வந்தவர் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தார். "புள்ள மாத்தி வெச்சா, உனுக்குக் கண்ணு தெரியாதா?"

அப்பா மறுபடியும் கையைத் துண்டில் துடைத்தார். "கவனிக்கல" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும், ஏன் சொல்லாமல் நிற்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை. அவர் திட்டு வாங்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது. வாயில் வந்ததை அவிழ்த்து விட்டேன். "அப்பா நெய்யல. நான்தான் நெய்ஞ்சேன். ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி, அப்பாவுக்குத் தெரியாம."

தோளில் பையோடு நின்றபடி ஒருத்தி சொல்லுகிற பொய் எவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கிறீர்கள்? ஆனால் அப்பா அதற்கு ஒரு கை கொடுத்தார். "தலவலிங்க. காலைல இருந்து படுத்துக்கினு இருந்தேன். இப்பதான் எழுந்து வரேன்." அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வந்தவர் மறுபடியும் குனிந்து பச்சையைப் பார்த்தார். கோபம் போய் அவர் முகத்தில் ஆச்சரியம் வந்தது. "அடேங்கப்பா, பொண்ணு கை சுத்தமா இருக்குதுப்பா. உன் கை மாதிரியே அடிச்சிருக்குது" என்றார். சாயங்காலத்துக்குள் பிரித்து எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். செய்யாத வேலைக்குக் கிடைத்த பாராட்டை வைத்துக்கொண்டு நான் திருதிருவென்று விழித்தேன்.

அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அப்பா என்னைத் தறியில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். "பச்சை எங்க ஆரம்பிக்குது, வெரல வை" என்றார். வைத்தேன். ஓரத்திலிருந்து இழைகளை ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தார். பத்து இழைக்கு ஒருதரம், "இன்னும் இருக்குதா?" என்று கேட்டார். "இருக்குதுப்பா" என்றேன். அவர் குரலில் கோபமே இல்லை. தண்டனை என்றால் இப்படியா இருக்கும்? இதற்கு இரண்டு அடி வாங்கிவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. கடைசிப் பச்சை இழை வெளியே வந்ததும், "போயிடுச்சுப்பா" என்றேன். அவர் என் தலையில் கை வைத்தார்.

வெயில் தாழ்ந்ததும் அவராகவே என்னைக் கொல்லைக்கு அழைத்துப்போனார். மாமரத்தை வெகுநேரம் பார்த்தார். எக்கி, தொங்குகிற ஒரு கொத்தைப் பறித்து என் கையில் கொடுத்தார். "இந்தா, துளிர். இதானே தெனமும் காட்டுவே?"

இலை மெத்தென்றுதான் இருந்தது. ஆனால் துளிர்த்துப் பல நாளாகி, நிறம் மாறி, பச்சையாகிப் போன இலை. எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. காலையில் நான் ஏமாற்றியதற்குச் சாயங்காலம் அவர் பழி வாங்குகிறார்! அப்படியென்றால் கோபம் தீர்ந்துவிட்டது.

"ஏப்ரல் ஃபூலாப்பா?"

அப்பா இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆமாம்மா" என்று சிரித்தார்.

சந்தோஷத்தில் குதித்துக்கொண்டு ஓடி அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். பச்சை இலையைக் கொடுத்துத் துளிர் என்று சொல்லி அப்பா என்னை ஏமாற்றிவிட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "ஹலோ, ஹலோ" என்று கத்திப் பார்த்தேன். கூரத்தில் சிக்னல் சரியில்லை போலிருக்கிறது என்று ஃபோனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன்.