அனுமதி இல்லை, முற்றுப்புள்ளி

அக்கம்பக்கத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பார்வையில்லாதவர்கள் படிக்க வேண்டிய புத்தகங்களை வாய்விட்டுப் படித்து ஒலிப்பதிவு செய்து கொடுப்பது அவள் வேலை. துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நாற்காலியைப் போட்டு, சுற்றிலும் பழைய கம்பளிகளைத் தொங்கவிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்கப் படிப்பாள். அட்டவணை வந்தால் கட்டம் கட்டமாகச் சொல்வாள். சட்டம், விதிமுறை என்றால் காற்புள்ளி, முற்றுப்புள்ளி வரை விடமாட்டாள். பக்கத்து வீட்டு குக்கர் விசிலடித்தால் அந்த வாக்கியம் மறுபடி முதலிலிருந்து. பழக்கம் முற்றிப்போய், கண்ணில் படுகிற மருந்து டப்பாவைக்கூடக் குரலெடுத்துப் படித்துவிடுவாள்.

அந்தச் சனிக்கிழமை காலை கம்ப்யூட்டர் திரையையும் அப்படித்தான் படித்தாள்.

“இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை.”

எல்லாம் அவள் வீட்டுக்காரர் கைவரிசை. காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரி. புது வெர்ஷன் வந்திருக்கிறது என்று திரை மூலையில் ஒரு வரி எட்டிப் பார்த்தால் போதும், அவருக்குக் கை சும்மா இராது. முந்தின நாள் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து அப்கிரேடு செய்திருந்தார். அதோடு விட்டாரா? பழைய அக்கவுன்ட்டை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று வேறு திறந்திருந்தார்.

“சுத்தம் பண்ணிக் கொடுத்திருக்கேன்,” என்றார் பெருமையாக.

அதில் அவள் ஒலிப்பதிவுகளைச் சேர்த்து வைக்கும் டிரைவ் பூட்டிக்கொண்டது. அதில்தான் டெலிபோன் அக்காவின் கடைசி நான்கு பாடங்கள் இருந்தன. ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கும் அந்த அக்காவுக்குப் பார்வை கிடையாது. திங்கட்கிழமை பதவி உயர்வுத் தேர்வு. இரண்டு முறை தோற்றாயிற்று, இதுதான் கடைசி வாய்ப்பு. படித்து முடித்ததைப் பிழை பார்க்காமல் அனுப்ப ரேடியோவுக்கு மனசு வராது. அதனால் வேறெங்கும் பிரதி இல்லை.

அக்கா போன் செய்தாள். “பாடம் இன்னிக்கு வந்துடுமா கண்ணு?”

“வந்துடும்க்கா,” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். வயரைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தாள். திரை அதே பல்லவியைப் பாடியது.

“இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? நாலு பாடம்தானே. இன்னொரு தரம் படிச்சிடேன்,” என்றார் வீட்டுக்காரர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வாரம் தொண்டை கட்டிக்கொள்ளப் படித்தது.

“ஒரே ஒரு பக்கம் நீங்க படிங்க, பார்ப்போம். எச்சில் முழுங்குற சத்தம் கேக்காம.”

அவர் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மதியம் ரிப்பேர்க்காரர் வந்தார். உட்காருவதற்கு முன்பே தீர்ப்பு சொன்னார்.

“ஃபார்மட் பண்ணிட்டா டிரைவ் புதுசு மாதிரி ஆயிடும் மேடம்.”

“உள்ள இருக்கிறது?”

“அது போயிடும்.”

“பூட்டு திறக்கலைன்னு வீட்டையே இடிக்கச் சொல்றீங்களா?”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, இந்த முறை உட்கார்ந்து பார்த்தார். எங்கெங்கோ தட்டினார். உரிமையாளர் என்ற இடத்தில் ஆள் பெயருக்குப் பதில் நீளமாக ஓர் எண் நின்றது.

“எல்லாம் பத்திரமா இருக்கு மேடம். ஓனரைத்தான் சார் அழிச்சிட்டார். யார் பேருக்கு மாத்தட்டும்?”

“என் பேர்லயே போடுப்பா,” என்றது செய்தித்தாள்.

கேஸ் இணைப்பு அவர் பெயரில். அவள் கையிலிருக்கும் போனின் சிம்கூட அவர் பெயரில்தான். இதுவரை அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இன்றைக்கு எடுத்துக்கொண்டாள்.

“என் பேருக்கு மாத்துங்க.”

“இதுல உங்க பேர்ல அக்கவுன்ட்டே இல்லியே மேடம்.”

இத்தனை வருஷமாக அவள் குரலைத் தவிர அந்த டிரைவில் பெரிதாக வேறொன்றும் கிடையாது. அவமானமாக இருந்தது.

“அப்ப ஒண்ணு திறங்க.”

“யார் பேர்ல இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதானே,” என்றார் வீட்டுக்காரர்.

“ஒண்ணுதானே. அப்ப என் பேர்லயே இருக்கட்டும்.”

ரிப்பேர்க்காரர் விவரமானவர். இருவர் முகத்தையும் பார்க்காமல் வேலையை முடித்தார். ஃபோல்டர் திறந்தது. அவள் குரல் அவளுக்கே கேட்டபோது கண் கலங்கிவிட்டது. அன்று பிழைகூடப் பார்க்கவில்லை, நான்கு பாடங்களையும் அப்படியே அனுப்பினாள்.

“வந்துடுச்சு கண்ணு, கேக்க ஆரம்பிச்சிட்டேன்,” என்றாள் அக்கா.

மறுநாள் சமையலறையில் இருந்தவளை வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

“இங்க கொஞ்சம் வாயேன். அந்த டிரைவ்ல இருக்கிற என் ஆபீஸ் டூர் போட்டோ எதுவும் திறக்க மாட்டேங்குது. என்னமோ சொல்லுது.”

“என்ன சொல்லுது?”

“கண்ணாடி எங்கேயோ வெச்சுட்டேன். நீயே படியேன்.”

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்டு, அவசரமில்லாமல், ஓர் எழுத்துகூட விடாமல் படித்தாள்.

“இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை. முற்றுப்புள்ளி.”